நாணயத்துக்குள் ஒரு கடிதம்: உளவு அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது?

வாஷிங்டனில் இருக்கும் சர்வதேச உளவு அருங்காட்சியகத்துக்கு என் அக்கா மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டான். லிப்ஸ்டிக் குழாய் மாதிரியே ஒரு துப்பாக்கி. 1960களில் சோவியத் உளவு நிறுவனமான கேஜிபி செய்தது. 4.5 மில்லிமீட்டர் குண்டு. ஒரே ஒரு முறைதான் சுடும்.

“சித்தி, இது நிஜமாவே சுடுமா?”

“சுடும்டா.”

“அப்போ ஸ்பைன்னா எப்பவும் சுட்டுக்கிட்டே இருப்பாங்களா?”

“இல்ல. முக்கால்வாசி நேரம் காத்துக்கிட்டு இருப்பாங்க. மீதி நேரம் எழுதிக்கிட்டு இருப்பாங்க.”

அவன் முகம் வாடிவிட்டது. அன்று அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்லப் பார்க்கிறேன். உளவைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இப்படி ஓர் இடத்துக்குப் போகிறவர்கள் பலரும் விநோதப் பொருட்களைப் பார்த்து வியந்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தப் பொருட்கள் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தவை என்று தெரிந்துகொண்டு போனால், அதே பெட்டிகள் வேறு மாதிரித் தெரியும்.

முதலில் அடிப்படை. ஒருவர் மறைத்து வைத்திருக்கும் செய்தியை, அவருக்குத் தெரியாமல் எடுத்து, அது தேவைப்படுகிறவரிடம் கொண்டுசேர்ப்பதுதான் உளவு. ‘அவருக்குத் தெரியாமல்’ என்பதில்தான் உயிரே இருக்கிறது. திருட்டில் பொருள் காணாமல் போகும். உளவில் பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். அதன் பிரதி மட்டும் போய்விடும். எதிரியின் போர்த் திட்டம் நம் கைக்கு வந்துவிட்டது என்று எதிரிக்குத் தெரிந்தால் அவன் திட்டத்தை மாற்றிவிடுவான். நம் கையில் இருப்பது வெறும் காகிதமாகிவிடும்.

தமிழில் இதற்கு ‘ஒற்று’ என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. கண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கிறோம்; கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அழுத்தித் தேய்க்காமல், தொட்டும் தொடாமலும் எடுப்பது. அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும் ஒரே வேரா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒற்றன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மெல்லிய தொடுகைதான் நினைவுக்கு வரும்.

இப்போது அருங்காட்சியகத்துக்குள் போகலாம். 2002இல் தொடங்கப்பட்டது, 2019இல் லாஃபான்ட் பிளாசாவில் புதிய கட்டடத்துக்கு மாறியது. கீத் மெல்ட்டன் என்ற சேகரிப்பாளர் பல ஆண்டுகளாகத் தேடித்தேடிச் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருட்கள் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பழுப்பேறிய ஒரு கடிதத்தை. 1777 பிப்ரவரி 4ஆம் தேதி ஜார்ஜ் வாஷிங்டன் எழுதியது. அப்போது அவர் குடியரசுத் தலைவர் இல்லை. ஆங்கிலேயரை எதிர்த்துத் திணறிக்கொண்டிருந்த ஒரு படையின் தளபதி. நியூயார்க் ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. அங்கே ஓர் உளவு வலையை ஏற்படுத்தித் தரச் சொல்லி நத்தானியல் சாக்கெட் என்பவருக்கு எழுதுகிறார். மாதச் சம்பளம் 50 டாலர். மற்றவர்களுக்குக் கொடுக்க 500 டாலர்.

இந்தக் கடிதத்தில் ஆயுதம் கிடையாது, மாய மை கிடையாது. ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறார், கூலி பேசுகிறார், அவ்வளவுதான். உளவு அங்கேதான் தொடங்குகிறது. செய்தி இருக்கும் இடத்தில் ஓர் ஆள் வேண்டும். சாக்கெட்டின் முயற்சி நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டு பெஞ்சமின் டால்மாட்ஜ் என்ற இளம் அதிகாரி அமைத்த வலை நிலைத்தது. அதில் இருந்த ராபர்ட் டவுன்செண்ட் என்ற வணிகர் தன் பெயரை வாஷிங்டனுக்கே தெரியாமல் வைத்துக்கொண்டார். அவர் யார் என்பது கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து 1930 வாக்கில்தான் உறுதியானது. ஏறக்குறைய 150 ஆண்டுகள்!

சரி, ஆள் கிடைத்துவிட்டார். அவரிடம் செய்தியும் இருக்கிறது. அதை எப்படி வெளியே கொண்டுவருவது? உளவில் ஆட்கள் பிடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செய்தியை எடுப்பது ஒரு நிமிட வேலையாக இருக்கலாம். கைமாற்றுவதற்கு இரண்டு பேர் சந்திக்க வேண்டும். சந்திப்பை யாராவது பார்த்துவிட்டால் இருவரும் தொலைந்தார்கள்.

அதனால் சந்திக்காமலே கைமாற்றும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ‘டெட் டிராப்’ என்பார்கள். ஒருவர் ஒரு பொருளைப் பூங்காவில் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார். இன்னொருவர் வேறு நேரத்தில் வந்து எடுத்துக்கொள்வார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. உள்ளே குடைந்த கல், உள்ளே குடைந்த போல்ட், மண்ணில் குத்தி வைக்கும் கூர்முனைக் குழாய் என்று அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கும் பலவும் இந்த ஒரு காரியத்துக்குத்தான். யாரும் குனிந்து எடுக்க நினைக்காத பொருளாக இருக்க வேண்டும். அழகாக இருந்தால் ஒரு குழந்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

“வெச்சுட்டேன், வந்து எடுத்துக்கோ” என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் அந்த நீலத் தபால் பெட்டி. அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான். அமெரிக்கத் தெருமுனைகளில் நிற்கும் சாதாரணத் தபால் பெட்டி. பெயின்ட் அங்கங்கே மங்கியிருக்கிறது. அதன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில், 37ஆம் தெருவும் ஆர் தெருவும் சேரும் முனையில் நின்ற பெட்டி இது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் அதிகாரியாக இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் ரஷ்யர்களுக்கு அடையாளம் காட்ட இதில் சாக்பீஸ் கோடு போடுவார். காரில் அந்த வழியாகப் போகிற ரஷ்ய அதிகாரி நிற்காமலே பார்த்துக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிற அதே சாக்பீஸ்.

ஏம்ஸ் 1985 ஏப்ரலில் பண நெருக்கடியில் சோவியத் தூதரகத்துக்குள் தானாகவே நடந்து போனவர். முதலில் வாங்கியது 50,000 டாலர். 1994 பிப்ரவரியில் கைதாகும் வரை அவர் கைக்கு வந்தது 20 லட்சம் டாலருக்கும் மேல். அதற்கு விலையாக அவர் கொடுத்தவை பெயர்கள். சோவியத்துக்குள் இருந்துகொண்டு அமெரிக்காவுக்கு உதவியவர்களின் பெயர்கள். குறைந்தது பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் திமித்ரி போல்யகோவ், சோவியத் ராணுவ உளவுத்துறையின் ஜெனரல். கால் நூற்றாண்டு காலம் அமெரிக்காவுக்குச் செய்தி கொடுத்தவர். பெரிய தொகை எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. தச்சுக் கருவிகள், மீன்பிடிச் சாமான்கள் போன்றவற்றைத்தான் கேட்பாராம். தன் நாட்டை ஆண்டவர்கள் மேல் வந்த கசப்புதான் அவரைச் செலுத்தியது. 1988இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஒருவர் ஏன் தன் நாட்டின் ரகசியத்தை வெளியே கொடுக்கிறார் என்பதற்கு உளவுத்துறையினர் நான்கு காரணம் சொல்வார்கள்: பணம், கொள்கை, மிரட்டல், கர்வம். ஏம்ஸையும் போல்யகோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் புரிந்துவிடும். அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு என்னால் சட்டென்று நகர முடியவில்லை. ஒரு விரல்கடை அளவு கோடு. அதற்குப் பின்னால் அத்தனை வீடுகள்.

இனி அந்த நாணயத்துக்கு வருவோம். உள்ளே குடைந்த நாணயங்கள் இங்கே காட்சிக்கு இருக்கின்றன. பார்ப்பதற்குச் சில்லறைதான். ஆனால் மேல் தகடு தனியாகத் திறந்துகொள்ளும். உள்ளே மடித்த ஃபிலிம் வைக்கலாம். இந்த வகை நாணயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள 1953க்குப் போக வேண்டும். அந்த ஜூன் மாதம், நியூயார்க்கின் புரூக்ளினில் செய்தித்தாள் போடும் பையன் ஒருவன் வீடு வீடாகக் காசு வசூல் செய்துகொண்டிருந்தான். கையில் வந்த ஐந்து சென்ட் காசு ஒன்று ஒரு மாதிரியாக இருந்தது. எடையும் சத்தமும் மற்றக் காசுகள் போல இல்லை. அதைக் கீழே போட்டான். இரண்டாகப் பிளந்தது. உள்ளே சின்னஞ்சிறு புகைப்படம். அதில் பத்து வரிசை எண்கள், ஐந்தைந்து இலக்கங்களாக.

காசு அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கைக்குப் போனது. அவர்கள் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது, நாணயத்தில் பொறித்திருந்த ‘ட்ரஸ்ட்’ என்ற சொல்லின் இரண்டாவது எழுத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதில் ஊசியை விட்டுத் தள்ளினால் காசு திறக்கும். நம்பிக்கை என்று பொருள்படும் சொல்லில்தான் அந்த ஓட்டை.

அந்த எண்களை யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு மாதம் இல்லை, ஒரு வருடம் இல்லை, நான்கு வருடம். அதில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், செய்தியை ஏன் எண்ணாக மாற்றுகிறார்கள், அதை மற்றவர்கள் எப்படி உடைக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாம். அதற்கு அருங்காட்சியகத்திலேயே நல்ல வாத்தியார் இருக்கிறது: எனிக்மா இயந்திரம்.

மரப்பெட்டிக்குள் தட்டச்சு இயந்திரம் வைத்த மாதிரி இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் செய்திகளை மறைத்து அனுப்பப் பயன்படுத்தியது. ஓர் எழுத்தை அழுத்தினால் மேலே வேறோர் எழுத்துக்குக் கீழே விளக்கு எரியும். அந்த எழுத்தை எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் உள்ளே இருக்கும் உருளை ஒரு பல் நகர்ந்துவிடும். அதனால் அதே எழுத்தை மறுபடி அழுத்தினால் வேறு விளக்கு எரியும். எழுதுகிறவரும் படிக்கிறவரும் காலையில் இயந்திரத்தை ஒரே மாதிரி அமைத்துக்கொண்டால் போதும். ஐந்து உருளைகளில் மூன்றைத் தேர்ந்து எந்த வரிசையில் பொருத்துவது, எந்த எழுத்தில் தொடங்குவது, முன்பக்கம் பத்து வயர்களை எந்தெந்தத் துளையில் செருகுவது என்று கணக்குப் போட்டால் ராணுவ எனிக்மாவை அமைக்கும் வழிகள் 159க்குப் பக்கத்தில் 18 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கை. ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பது நடக்கிற காரியமா?

ஆனால் இந்த இயந்திரத்துக்கு ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தும் தன்னைத்தானே குறிக்காது. ம என்று அழுத்தினால் ம மட்டும் வரவே வராது. இது பலம் என்றுதான் தோன்றும். உண்மையில் இதுதான் ஓட்டை. ஒரு சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கிடைத்த மறைசெய்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: த, வா, க, லை, ம, னி, ப. ஏழு எழுத்து. இது காலை நேரத்துச் செய்தி. இதில் எங்கேயோ ‘வானிலை’ என்ற சொல் இருக்கும் என்று நமக்கு ஊகம். வா, னி, லை என்ற மூன்று எழுத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மறைசெய்திக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே போங்கள். ஐந்து இடங்களில் வைக்கலாம். இரண்டாவது இடத்தில் வைத்தால் வா-வுக்கு நேர் கீழே வா வருகிறது. அப்படி வரவே முடியாது என்று நமக்குத் தெரியும். ஆகவே அந்த இடம் தவறு. ஐந்தாவது இடத்தில் னி-க்குக் கீழே னி. அதுவும் தவறு. ஐந்தில் இரண்டு போய்விட்டது, ஓர் இயந்திரத்தையும் தொடாமல்! நீளமான செய்தியில், நீளமான ஊகச் சொல்லோடு இதையே செய்தால் பெரும்பாலான இடங்கள் கழிந்துவிடும். மிச்சத்தைச் சோதிக்கத்தான் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் வடிவமைத்த ‘பாம்ப்’ என்ற இயந்திரங்கள் 1940 முதல் சுழன்றன. ஜெர்மானியர்கள் வானிலை அறிக்கைகளை ஒழுங்கு தவறாமல் ஒரே பாணியில் அனுப்பியது அவர்களுக்கே வினையாயிற்று.

இதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. டூரிங் பெயரைச் சொல்கிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனிக்மாவை முதலில் உடைத்தவர்கள் போலந்து நாட்டுக் கணித மாணவர்களாக இருந்து வந்த மூவர்: மரியன் ரெயெவ்ஸ்கி, யெர்ஸி ருஷிட்ஸ்கி, ஹென்றிக் ஸிகால்ஸ்கி. 1932 டிசம்பரில், ராணுவ எனிக்மாவின் உள்ளே வயர்கள் எப்படி ஓடுகின்றன என்பதை இயந்திரத்தைப் பார்க்காமலே சமன்பாடு போட்டு ரெயெவ்ஸ்கி கண்டுபிடித்தார். அவருக்குக் கை கொடுத்தவை சில காகிதங்கள். பெர்லினில் மறைகுறி அலுவலகத்தில் வேலை பார்த்த ஹான்ஸ்-டிலோ ஷ்மிட் என்பவர் 1931 முதல் பிரெஞ்சு உளவுத்துறைக்குப் பணத்துக்கு விற்றவை. பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் போலந்துக்குக் கொடுத்தார்கள். 1939 ஜூலையில், போர் தொடங்குவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது, போலந்துக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த அத்தனையையும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். கணக்கும் வேண்டியிருந்தது, கடனில் மூழ்கிய ஒரு குமாஸ்தாவும் வேண்டியிருந்தது. எனிக்மாவின் முன் நிற்கும்போது அந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருக்கும் பகுதியில் ஒரு மரச் செதுக்கலின் கதையைத் தவறவிடாதீர்கள். 1945இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்குச் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்காவின் கழுகுச் சின்னம், மரத்தில் அழகாகச் செதுக்கியது. தூதர் அதைத் தன் வீட்டுப் படிப்பறையில் மாட்டிவைத்தார். ஏழு வருடம் அங்கேயே இருந்தது. 1952இல்தான் அதற்குள் ஒலிவாங்கி இருப்பது தெரிந்தது. ஏன் அவ்வளவு நாள்? அதில் பேட்டரி இல்லை, வயர் இல்லை. லியோன் தெரமின் என்ற ரஷ்யர் வடிவமைத்தது. இருட்டில் கிடக்கும் கண்ணாடித் துண்டு தானாக ஒளிராது. டார்ச் அடித்தால் மின்னும். அது மாதிரி, வெளியே தெருவில் இருந்து ரேடியோ அலையை அதன் மேல் பாய்ச்சினால் மட்டும் அது வேலை செய்யும். அறையில் பேசுகிற சத்தத்தில் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு அதிரும். திரும்பிப் போகும் அலையில் அந்தப் பேச்சும் ஏறிக்கொள்ளும். அலையை நிறுத்திவிட்டால் அது வெறும் மரம். அமெரிக்கர்கள் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் ‘தி திங்’. ‘அந்தப் பொருள்’ என்பதற்கு மேல் அதை என்னவென்று அழைப்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் செய்தியை எடுப்பது, மறைப்பது, கடத்துவது. இவை எல்லாம் நன்றாக நடந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். கிடைத்த செய்தியை நம்பலாமா? என்னைக் கேட்டால் உளவில் கடினமான பகுதி இதுதான். அருங்காட்சியகத்தில் வேகமாக நடந்துபோகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான், ஏனென்றால் இதற்குக் காட்டுவதற்குப் பொருள் குறைவு.

பெர்லின் பகுதியில் இது நன்றாகப் புரியும். 1950களில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் சேர்ந்து மேற்கு பெர்லினில் இருந்து, சோவியத் பிடியில் இருந்த கிழக்குப் பக்கத்துக்குப் பூமிக்கு அடியில் ஏறத்தாழ 450 மீட்டர் சுரங்கம் தோண்டின. சோவியத் ராணுவத்தின் தொலைபேசிக் கம்பிகளில் கொக்கி போட்டு 1955 மே முதல் கேட்டன. பதினோரு மாதம் கழித்து, 1956 ஏப்ரலில், பழுது பார்க்கிற மாதிரி வந்து சோவியத்காரர்கள் சுரங்கத்தைக் ‘கண்டுபிடித்தார்கள்’. உண்மையில் சுரங்கம் தோண்டத் தொடங்குவதற்கு முன்பே கேஜிபிக்கு அது தெரியும். திட்டம் பேசிய கூட்டத்தில் இருந்த ஜார்ஜ் பிளேக் என்ற ஆங்கிலேய உளவு அதிகாரி அவர்களுடைய ஆள். பிறகு ஏன் சும்மா இருந்தார்கள்? உடனே போய்ச் சுரங்கத்தைப் பிடித்தால் யார் சொன்னது என்று தேடுவார்கள், பிளேக் மாட்டிக்கொள்வார். அவரைக் காப்பாற்ற, தங்கள் ராணுவத்தின் பேச்சைப் பதினோரு மாதம் எதிரி கேட்கட்டும் என்று விட்டார்கள். ஒரு நல்ல ஒற்றனின் மதிப்பு அவ்வளவு.

பிளேக்கின் விஷயம் 1961இல் வெளிப்பட்டதும், அந்தப் பதினோரு மாதமும் கேட்டது மெய்யா, தங்களை ஏமாற்றப் பேசியதா என்ற கேள்வி வந்துவிட்டது. பெரும்பாலும் மெய்தான் என்று பின்னால் தெளிவாயிற்று. தங்கள் ராணுவத்தையே கேஜிபி எச்சரிக்கவில்லை.

இந்தக் கேள்விக்குத் திருவள்ளுவர் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் பதில் சொல்லியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேரை அனுப்பு. மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு என்கிறார். ‘ஒருவரை ஒருவர் அறியாமல்’ என்பதைக் கவனியுங்கள். தெரிந்தால் பேசி வைத்துக்கொள்வார்கள். இன்றைய உளவுத்துறைகளும் இதைத்தான் செய்கின்றன.

இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல உதாரணம் 1962 கியூபா நெருக்கடி. அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கியூபாவில் சோவியத் ரகசியமாக அணு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைத்த நேரம். அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் கியூபாவை உயரத்தில் இருந்து படம் எடுத்தது. படத்தில் தெரிந்தவை காட்டுக்குள் சில நீளமான உருவங்கள், வண்டிகள், கூடாரங்கள். நீங்களும் நானும் பார்த்தால் ஏதோ கட்டட வேலை என்போம். ஆனால் படத்தை ஆராய்ந்தவர்களிடம் ஏற்கெனவே சோவியத் ஏவுகணைகளின் கையேடுகள் இருந்தன. ஓலெக் பென்கோவ்ஸ்கி என்ற சோவியத் ராணுவக் கர்னல் சின்ன மினாக்ஸ் கேமராவில் படம் பிடித்துக் கொடுத்தவை. மாஸ்கோ பூங்காவில், ஆங்கிலத் தூதரக அதிகாரியின் மனைவி குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார். அந்த வழியாக வரும் பென்கோவ்ஸ்கி குழந்தைகளுக்கு மிட்டாய்ப் பெட்டி ஒன்றை நீட்டுவார். அதில் ஃபிலிம் இருக்கும்.

வானத்தில் இருந்து வந்த படமும் மிட்டாய்ப் பெட்டியில் வந்த கையேடும் ஒன்றை ஒன்று அறியாதவை. இரண்டும் ஒத்துப்போயின. எந்த ஏவுகணை, எவ்வளவு தூரம் போகும், ஏவத் தயாராக எவ்வளவு நேரம் ஆகும் என்று அக்டோபர் 16 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியிடம் சொல்ல முடிந்தது. அடித்துப் போடுவதா, பேசிப் பார்ப்பதா என்று யோசிக்க அவருக்கு நாட்கள் கிடைத்தன. அக்டோபர் 22 அன்று கென்னடி தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு விஷயத்தைச் சொன்னார். அதே நாளில்தான் மாஸ்கோவில் பென்கோவ்ஸ்கி கைதானார். அடுத்த மே மாதம் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

கொலைக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. 1940இல் மெக்சிகோவில், ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான டிராட்ஸ்கியைக் கொன்ற பனிக்கோடரி இங்கே இருக்கிறது. 1978இல் லண்டனில் பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்க்கவின் தொடையில் விஷக் குண்டு பாய்ந்த சம்பவத்தை நினைவூட்டும் குடையின் மாதிரியும் இருக்கிறது. கூட்டம் அங்கே அதிகம். கோடரியைப் பார்த்தால் கோடரியை விடுங்கள்; அதை வைத்திருந்த ரமோன் மெர்காதர் அந்த வீட்டுக்குள் எப்படிப் போனான் என்று யோசியுங்கள். பொய்ப் பெயர், பொய்க் கடவுச்சீட்டு, டிராட்ஸ்கிக்கு வேண்டிய ஒரு பெண்ணின் காதலன் என்ற வேடம். வாயிற்காவலர்களுக்குப் பழகிய முகமாகும் வரை மாதக் கணக்கில் பொறுத்திருந்தான். அந்தப் பொறுமைதான் உளவு. கோடரி வெறும் கொலை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பக்கத்தில் இருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் இலவசம். இதற்குக் கட்டணம் உண்டு. லாஃபான்ட் பிளாசா மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். உள்ளே நுழையும்போது உங்களுக்கு ஒரு பொய்ப் பெயரும் வேலையும் தருவார்கள்; வழியில் இருக்கும் திரைகளில் அதை வைத்து விளையாடலாம். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், பெரியவர்களும் தவறவிட வேண்டாம். வேடத்தை நினைவில் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும். என் பொய்ப் பெயர் அரை மணி நேரத்தில் எனக்கே மறந்துபோனது. விசாரணையும் சித்திரவதையும் பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். துப்பாக்கிகளை முதலிலேயே காட்டி முடித்துவிடுங்கள். பிறகுதான் பிள்ளைகளின் கண் நாணயத்துக்குத் திரும்பும்.

அந்த நாணயம். 1957 மே மாதம் பாரிஸில் அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒருவர் வந்தார். பெயர் ரைனோ ஹெய்ஹனென். கேஜிபி ஆள். 1952 முதல் வேறொருவர் பெயரில் நியூயார்க்கில் வாழ்ந்தவர். குடிப்பழக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது, மாஸ்கோ திரும்பி வரச் சொன்னது, போக பயம். எஃப்பிஐக்கு அவர் தன் மறைகுறி முறையைச் சொல்லிக் கொடுத்தார். புத்தகம் எதுவும் இல்லை, எல்லாம் மனப்பாடம்: ஒரு ருஷ்யச் சொல், ஒரு பாட்டின் வரி, ஜப்பானை வென்ற தேதி, 13 என்ற எண். நான்கையும் சேர்த்துப் போடும் கணக்கில் எண்கள் மறுபடி எழுத்தாகும். அவர் சொன்ன தடயத்தை வைத்து அந்த ஜூன் மாதமே புரூக்ளினில் ஓவியராக வாழ்ந்துவந்த ருடால்ஃப் ஏபெல் என்ற மூத்த உளவாளி பிடிபட்டார். 1962இல் பெர்லின் பக்கத்தில் ஒரு பாலத்தின் மேல், சோவியத்திடம் பிடிபட்டிருந்த யு-2 விமானி கேரி பவர்ஸுக்கு மாற்றாக அவரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதை நான் சொல்லி முடிக்கும் வரை அக்கா மகன் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

“அந்தக் காசுல என்ன எழுதியிருந்துச்சு, சித்தி?”

ஏதோ அணுகுண்டு ரகசியம் என்று எதிர்பார்த்தான். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து இறங்கிய ஹெய்ஹனெனுக்கே மாஸ்கோ அனுப்பியது அது. பத்திரமாய் வந்து சேர்ந்ததற்கு வாழ்த்து. தொழில் தொடங்கப் பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம். மறைகுறியில் கொஞ்சம் கவனமாக இரு. நீ கொடுத்த பொட்டலத்தை உன் மனைவியிடம் நேரிலேயே கொடுத்துவிட்டோம். வீட்டில் எல்லாரும் நலம்.